போட்டி மறந்தன, பேட்டை விழித்தது!

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் உள்ள நகரம் சார்லட். 1993-ல் அங்கே பணியில் இருந்த 2 போலீசார் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஊரே ஆடிப்போனது.

வழக்கமாக என்ன நடக்கும்? பத்திரிகை கொட்டை எழுத்தில் தலைப்புப் போடும். டெலிவிஷன் ரத்தக் கறையைக் காட்டும். ஜனங்கள் 'உச்' கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

சார்லட்டில் நடந்ததே வேறு! 1994-ல் 'சார்லட் அப்சர்வர்' நாளிதழும், டெலிவிஷனும், ரேடியோவும் கைகோத்தன. குற்றம் மலிந்த பேட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. செவர்ஸ்வில் போன்ற இடங்களில் கூட்டம் போட்டு, என்ன குறை, என்ன தேவை என்று குடியிருப்போரையே கேட்டன. அவர்கள் சொன்னது பட்டியலாக அச்சில் ஏறியது.

பலன்? உதவி செய்ய நூற்றுக்கணக்கானோர் ஓடி வந்தனர். வக்கீல்கள் பீஸ் வாங்காமல் போதை மருந்து வீடுகளுக்கு எதிராகக் களம் இறங்கினர். பாழடைந்த வீடுகளை மாநகராட்சி இடித்தது.

"செய்தி போடுகிறவனுக்கு ஊர்ப் பஞ்சாயத்து எதற்கு?" என்று பத்திரிகைக்காரர்களே சிலர் முணுமுணுத்தார்கள். நியாயமான சந்தேகம்தான். பட்டியலை ஆசிரியரே எழுதினால் அது தப்பு. பேட்டைக்காரர்கள் எழுதினால் என்ன தப்பு? கட்சி பிடிக்காமல், மேடை மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும்.

எரியாத தெருவிளக்கும் அள்ளாத குப்பையும் எந்த ஊரில் இல்லை? ஒரு பத்திரிகை கேட்டால் அதிகாரி பைலை மூடி வைத்துவிடுவார். போட்டிப் பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து, ஜனங்களையும் கூட்டிக்கொண்டு கேட்டால் மூட முடியுமா?