கையால் செய்த இன்வெர்ட்டர்: பல்புக்குச் சரி, கம்ப்யூட்டருக்கு வேண்டாம்!

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மின்வெட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில் உள்ள நெய்வேலியில் 1962-ம் ஆண்டிலிருந்து மின்சாரம் தயாராகிறது. ஆனாலும் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அடுத்த 2012-ம் ஆண்டில் சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் பல மணி நேர மின்வெட்டு. பிறகு 2015 வெள்ளம், 2024-ல் 'ஃபெஞ்சல்' புயல்.

எனவே கடலூரிலோ சிதம்பரத்திலோ புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர், "நாமே ஒரு இன்வெர்ட்டர் செய்தால் என்ன?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். என் பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதில் கம்ப்யூட்டரை மட்டும் மாட்டாதீர்கள்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பேட்டரி தருவது 12 வோல்ட் டி.சி. நமக்கு வேண்டியது 230 வோல்ட் ஏ.சி. சி.டி.4047 என்ற சிறிய ஐ.சி. விநாடிக்கு 50 முறை மாறி மாறித் துடிக்கும். அதனுடன் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்த்தால் சுமார் 48 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இந்தத் துடிப்பு இரண்டு மாஸ்ஃபெட்டுகளை மாற்றி மாற்றி ஆன் செய்யும். அவை 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளிலும் மாறி மாறி மின்சாரத்தைப் பாய்ச்ச, மறுபக்கம் 230 வோல்ட்டை ஒட்டி வரும். அவ்வளவுதான்! ஒரு எல்.இ.டி. பல்பு எரிவதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி தனி.

பிறகு கம்ப்யூட்டருக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்?

ஒன்று, அலையின் வடிவம். மின்வாரியம் தருவது சைன் அலை. அதன் உச்சம் 325 வோல்ட். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். இந்த உச்சத்தை நம்பித்தான் இயங்குகிறது. நம் சர்க்யூட் தருவது சதுர அலை. அதன் உச்சமே சுமார் 230 வோல்ட்தான். பேட்டரி இறங்க இறங்க அதுவும் குறையும். சில புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் சதுர அலையில் ஒழுங்காக இயங்காது.

இரண்டு, மாறும் நேரம். கரண்ட் போனால் எஸ்.எம்.பி.எஸ். தாங்குவது ஏறக்குறைய 16 மில்லி விநாடி. நீங்கள் எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டுவதற்குள் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடும். சேமிக்காத ஃபைல் போனது போனதுதான். ஹார்ட் டிஸ்க்குக்கும் நல்லதல்ல.

மூன்று, பேட்டரி கணக்கு. 120 வாட்ஸ் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். நஷ்டத்தையும் சேர்த்தால் 12-க்கு மேல். 7 ஆம்பியர்-அவர் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும்.

கம்ப்யூட்டருக்கு ஒரு சாதாரண யூ.பி.எஸ். வாங்கிவிடுங்கள். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வை-ஃபை ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 12 வோல்ட் டி.சி. என்றுதான் எழுதியிருக்கும். பேட்டரியின் டி.சி.யை ஏ.சி. ஆக்கி, அடாப்டர் மூலம் மறுபடி டி.சி. ஆக்குவது வீண் வேலை! ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய டி.சி. யூ.பி.எஸ். போதும். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே இருக்கிறது. இருட்டில் வேண்டியது வெளிச்சமும் செய்தியும்தான்.

செய்து பார்ப்பவர்கள் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் போடுங்கள். ஒயர் ஷார்ட் ஆனால் சிவக்கப் பழுத்துத் தீப்பிடிக்கும். ட்ரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்தைத் தொடாதீர்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வந்தாலும் அது ஆளைக் கொல்லும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. இன்வெர்ட்டரின் அவுட்புட்டை ஒருபோதும் வீட்டுச் சுவர் பிளக்கில் செருகாதீர்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். புயலுக்குப் பிறகு, கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவர் லைன்மேன். நம் வீட்டு விளக்குக்காக அவர் உயிர் போகலாமா? பல்பை இன்வெர்ட்டரிலேயே நேராக மாட்டுங்கள்.

இதைச் செய்தால் பணம் மிச்சமாகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடையில் யூ.பி.எஸ். வாங்கப் போகும்போது "எத்தனை ஆம்பியர்-அவர் பேட்டரி? சைன் அலையா, சதுர அலையா?" என்று நீங்களே கேட்பீர்கள். அந்தக் கேள்விக்காகவாவது ஒருமுறை சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கலாம்!