வாட்ச் கண்ணாடியும் வணிகர் கடமையும்



மளிகைக் கடைக்காரர்களும் சிறு வணிகர்களும் படிக்கும் இதழில் வாட்ச் கண்ணாடிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 'ஓடாத சரக்கு' என்று நாம் ஒதுக்கிவிடும் பொருளின் மதிப்பை விளக்க இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. அதன்பின் சாவி கொடுக்கும் வாட்ச் கல்யாணச் சீராகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் நம் வீடுகளுக்கு வந்தது. 2016-இல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட முடிவெடுத்தது. வாட்சுகளோ இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. தகப்பனாரின் வாட்சை எடுத்துக்கொண்டு மகன் ரிப்பேர் கடைக்கு வருகிறார். மெஷின் ஓடுகிறது, கண்ணாடிதான் உடைந்திருக்கிறது.

வட்டக் கண்ணாடி என்றால் கவலை இல்லை. குறுக்களவை வெர்னியர் கொண்டு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து, அதே அளவு பிளாஸ்டிக் கண்ணாடியை விளிம்பை நெருக்கிப் பிடித்துப் பொருத்திவிடலாம். சதுரம், பீப்பாய் வடிவம், வளைந்த நீள்சதுரம் என்றால் நிலைமை வேறு. நீளம், அகலம், மூலையின் வளைவு, முதுகின் வளைவு ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். அமெரிக்காவில் ஹாமில்ட்டன் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட வென்ச்சுரா என்னும் பேட்டரி வாட்ச் ஏறக்குறைய முக்கோண வடிவம். அதற்கு வட்டக் கண்ணாடிப் பெட்டியில் தேடி என்ன பயன்?

அனுபவமுள்ள தொழிலாளி பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் மட்டும் என்றால் மாற்றச் சொல்ல மாட்டார். மெருகு போட்டே தெளிய வைப்பார். உடைந்திருந்தால், கேஸையும் உடைந்த துண்டுகளையும் வைத்து அளவெடுத்து, சற்றுப் பெரிய கண்ணாடி ஒன்றை அரத்தால் தேய்த்துத் தேய்த்து இறக்குவார். அதுவும் கிடைக்காவிட்டால் அக்ரிலிக் தகட்டில் வெட்டுவார். உடனே ஒட்டும் பசையை மட்டும் தொட மாட்டார். அதன் ஆவி உட்புறத்தில் வெண்படலமாகப் படிந்து டயலையும் கெடுத்துவிடும்.

இந்தத் தொழிலுக்குக் கைத்திறன் ஒரு முதல். பழைய இருப்பு மற்றொரு முதல். பல்லாண்டுகளாக விற்காமல் காகித உறைகளில் கிடக்கும் கண்ணாடிகளில்தான் அந்த ஒன்று இருக்கும். ஆனால் கடைக்காரர் காலமானதும், அல்லது பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதும், டப்பா டப்பாவாக எடைக்குப் போய்விடுகிறது. கணக்குப் புத்தகப்படி அது சரிதான். ஆனால் இணைய வியாபாரத்தில் தேட வேண்டுமானால் பொருளின் பெயராவது எண்ணாவது தெரிய வேண்டும். உடைந்த கண்ணாடியைக் கொண்டுவருபவருக்கு இரண்டும் தெரியாது. கையில் வாங்கிப் பார்த்து, "இதற்கு இதுதான்" என்று எடுத்துக் கொடுக்க ஒரு கடைக்காரர் வேண்டும். பெரிய நிறுவனங்களோடு போட்டியிடும் நமக்கு எஞ்சியிருக்கும் பலங்களில் இது முக்கியமானது.

முடங்கிய சரக்கையெல்லாம் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பருப்பில் பூச்சி விழும், கண்ணாடியில் விழாது. இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. கடை வாடகையும் கடன் வட்டியும் யாருக்கும் காத்திருப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே செலவில்லாத மூன்று காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, கடையை மூட நேரும் உறுப்பினர் எடைக்குப் போடுமுன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதே தொழிலில் உள்ள மற்றொருவர் நியாய விலைக்கு எடுத்துக்கொள்வார். இரண்டு, ஊர்க் கிளைகள் தோறும் ஒரு நோட்டு வைப்போம். வாட்ச் கண்ணாடி, பம்ப் ஸ்டவ் வாஷர், பழைய மிக்சி பிளேடு, தையல் மிஷின் பாபின் போன்ற அரிய சாமான்கள் எந்தக் கடையில் உண்டு என்று அதில் எழுதி வைக்கலாம். மூன்று, மளிகைக் கடைக்கு வந்து ஒருவர் விசாரித்தாலும், "தெரியாது" என்று அனுப்பாமல் அந்த நோட்டைப் பார்த்துக் கடையைக் காட்டுவோம். இன்று வழி கேட்டுப் போனவர் நாளை நம்மிடமே மாதச் சாமான் பட்டியலை நீட்டுவார்.

கிளை நிர்வாகிகள் இதனை அடுத்த மாதக் கூட்டத்தில் வைத்து, நோட்டைப் பராமரிக்கும் பொறுப்பை ஓர் உறுப்பினரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.