வொரன்டி கொழும்பில், பழுது வவுனியாவில்

வன்னியில் வீடியோக் கமெரா வாங்குபவர் பெரும்பாலும் அதைத் தொழிலுக்காகவே வாங்குகிறார். கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கடைத் திறப்பு விழா என்று திகதி குறித்து முற்பணமும் வாங்கிய பிறகுதான் பலர் கமெராவுக்கே காசு கட்டுகிறார்கள். அது பழுதானால் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுபோகிறது. மாப்பிள்ளை ஊர்வலத்தின் நடுவே படம் கறுத்துப்போனால் அந்த ஊர்வலத்தை மறுநாள் திரும்ப நடத்தச் சொல்ல முடியுமா?

பழுதான கமெராவோடு விற்ற கடைக்குப் போனால் கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததே. "இது ஏஜென்ட் வொரன்டி, கொழும்புக்குக் கொண்டு போங்கள்." வவுனியாவிலிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இன்னும் தூரம். ஒரு நாள் உழைப்பையும் பஸ் காசையும் செலவழித்துப் போய்ச் சேர்ந்தால், கமெராவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டைத் தருவார்கள். இரண்டு கிழமை கழித்துப் போன் எடுத்தால் உதிரிப்பாகம் வரவில்லை. அடுத்த முறை, பொறுப்பானவர் லீவில். அதற்கும் அடுத்த முறை, "ஈரம் பட்டிருக்கிறது, நீங்கள் பாவித்த விதம் சரியில்லை, வொரன்டி செல்லாது." தமிழில் பதில் சொல்ல ஆள் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

பாவித்தவர் மேல் பழியைப் போடும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் நியாயம் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2005 ஒக்டோபரில் ஜப்பானின் சோனி நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. தான் தயாரித்த சி.சி.டி. எனும் படம் பிடிக்கும் சில்லின் உள்ளே மெல்லிய கம்பி இணைப்பு ஒன்று, வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் விட்டுப்போகிறது, அதனால் படம் கோணலாகிறது அல்லது முற்றாக வராமல் போகிறது என்பதே அது. அந்தச் சில்லு சோனியின் கமெராக்களில் மட்டும் இருக்கவில்லை. கெனன், புஜிபிலிம், கொனிக்கா மினோல்ட்டா, நிக்கோன் போன்றவையும் அதை வாங்கிப் பாவித்திருந்தன. வொரன்டிக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாகத் திருத்தித் தருவதாக ஒவ்வொரு நிறுவனமும் அறிவிக்க வேண்டியதாயிற்று.

வெப்பமும் ஈரப்பதமும் என்றால் நமது நாட்டின் சாதாரண காலநிலை! அந்த அறிவிப்பு வருவதற்கு முன்னர், உலகின் வெப்ப நாடுகளில் எத்தனை பேர் "உங்கள் பிழை" என்ற பதிலோடு கடையை விட்டு இறங்கியிருப்பார்கள்?

இதில் வன்னிக்குத் தனியான ஒரு கதையும் இருக்கிறது. 2002 பெப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தத்தின் பின் ஏ9 பாதை திறந்து, ஓமந்தையைத் தாண்டிப் பொருட்கள் வடக்கே போகத் தொடங்கிய காலமும், அந்தக் குறையுள்ள சில்லுகள் உலகச் சந்தையில் விலைப்பட்ட காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். 2006இல் போர் மீண்டும் மூண்டு பாதை இறுகியது. டோக்கியோவில் இலவசத் திருத்தம் என்று அறிவித்தால், கிளிநொச்சியில் இருந்தவருக்கு அதனால் என்ன பயன்? அவர் கொழும்புக்கு வருவதே பெரும் பாடாக இருந்தது. இன்று தடை எதுவும் இல்லை. ஆனால் வன்னிப் பாவனையாளரின் வொரன்டி இன்றும் கொழும்பில்தான் இருக்கிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவை நமது வியாபாரிகள் ஒரு முறையாவது வாசிக்க வேண்டும். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை உற்பத்தி செய்தவர் மீதும் விற்ற வியாபாரி மீதும் முறைப்பாடு செய்யலாம் என்கிறது அது. விசாரணையில் குறை நிரூபணமானால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம். "நான் செய்த பொருளா இது?" என்ற கேள்வி அங்கே எடுபடாது. பில்லின் அடியில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று அச்சடித்து வைப்பதாலும் வாங்கியவரின் முறைப்பாட்டைத் தடுத்துவிட முடியாது. தொழிலுக்காகக் கமெரா வாங்கியவரும் பாவனையாளர்தான். பொருளைப் பாவிப்பவரைத்தான் சட்டம் அப்படி அழைக்கிறது.

ஆனால் அதே பிரிவில் வாங்குபவரை விழுத்தும் பள்ளமும் உண்டு. முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். இப்போது சேர்விஸ் சென்டரின் "அடுத்த கிழமை வாருங்கள்" என்பதைத் திரும்பப் பாருங்கள். திரும்பத் திரும்ப அப்படிச் சொன்னால் மூன்று மாதம் ஓடிவிடும். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று எல்லோரையும் குற்றஞ்சாட்ட முடியாது. 2020 முதல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடும் 2022இன் டொலர் நெருக்கடியும் உதிரிப்பாகங்களை உண்மையிலேயே தாமதப்படுத்தின. என்ன காரணமாக இருந்தாலும் நாட்கள் வாங்கியவரின் கணக்கில்தான் கழிகின்றன. ஆகவே இரண்டாவது முறை அலையவிட்டால், மூன்றாவது போனுக்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதுங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் ஒன்று, அதிகார சபைக்கு ஒரு பிரதி. மாவட்டச் செயலகத்தில் விசாரித்தாலே வழி சொல்வார்கள். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பில் இல்லாவிட்டால் இவை எதுவும் நடக்காது. பில்லில் கமெராவின் தொடர் இலக்கமும் இருக்க வேண்டும்.

"கடை வொரன்டி" என்று வாயால் சொல்லி விற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெட்டியில் வந்த சாமானுக்கு இங்குள்ள ஏஜென்ட் பொறுப்பேற்பதில்லை. விலை குறைவு என்பதால் விற்கலாம். ஆனால் அதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய வீடியோக் கமெராக்களிலும் இதேபோல் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே என்.டி.எஸ்.சி., இங்கே பால் முறை. கமெராவில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் நம் ஊர்த் தொலைக்காட்சியில் படம் ஒழுங்காக வராது. அதைப் பழுது என்று சொல்லித் திருத்தக் காசு வாங்கியவர்களும் இருந்திருக்கலாம்!

இனி, நமது சில்லறை வியாபாரியின் பக்கம். அவருக்கும் நியாயமான மனக்குறை உண்டு. ஒரு கமெராவில் கிடைக்கும் இலாபம், ஒன்றைத் திருப்பி எடுத்தால் பறந்துவிடும். புறக்கோட்டையில் விற்றவர் அதை மீள ஏற்க மறுத்தால் நட்டம் முழுவதும் இவர் தலையில். ஆனால் அந்தச் சண்டையை இவர் புறக்கோட்டையோடு போட வேண்டும், தன் வாடிக்கையாளரை அங்கே அனுப்பிவைப்பது அழகல்ல. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விபரம் சொல்லி விற்கப்படும் சரக்கு விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும். மொத்த வியாபாரியிடம் அதைச் சொல்லிக் கேட்க இவருக்கு உரிமை இருக்கிறது. அதைவிட இலேசான வழி, சரக்கு எடுக்கும்போதே பேசிக்கொள்வது. விற்று ஒரு மாதத்துக்குள் பழுதானால் மாற்றுப் பொருள், அதன் பின் திருத்தம், போக்குவரத்துச் செலவு யாருடையது என்று மூன்று வரி எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் போதும். பத்துப் பெட்டி எடுக்கும் ஆளிடம் அவர் மாட்டேன் என்றாலும், ஊரிலுள்ள நான்கு கடைக்காரர் சேர்ந்து நாற்பது பெட்டி எடுத்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பிறகு வன்னிக் கடைக்காரர் செய்ய வேண்டியது, பழுதான கமெராவைத் தானே வாங்கி, கொழும்புக்குப் போகும் தன் சரக்கு லொறியில் அனுப்பி, வரும்வரை பாவிக்க ஒரு பழைய கமெராவை இரவல் கொடுப்பது. லொறி எப்படியும் கொழும்புக்குப் போய் வருகிறது.