பசை போட்டு மூடிய இயர்போன்

அம்பாங்கில் எங்கள் வீட்டு மேசை மேல் இரண்டு இயர்போன்கள் கிடக்கின்றன. ஒன்று கம்பியுள்ளது. 30 ரிங்கிட்டுக்கு வாங்கியது, நான்கு ஆண்டுகளாக உழைக்கிறது. மற்றொன்று கம்பியில்லாதது. விலை பல மடங்கு, ஆனால் இரண்டே ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது.

கம்பியுள்ளதுதான் என் சோதனைக்கூடம். முதலில் அதில் 'ஸ்' ஒலி காதைக் குத்தியது. ஒலி வெளிவரும் குழாயில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு வைத்தேன், கூர்மை தணிந்தது. பின்புறக் காற்றுத் துளையைக் காகித நாடாவால் மூடினேன். மிகுந்திருந்த தாழ் ஒலி அடங்கியது. காரணம் எளிது. உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில்போல் செயல்பட்டு, ஒலித்தகட்டின் அசைவைத் தடுக்கிறது. பிளக் பழுதானபோது எல்.ஆர்.டி. ஏறி புடு ஜாலான் பாசாருக்குப் போய்ப் புதியதை வாங்கி, நானே ஈயம் பற்றவைத்தேன். முதல் முறை இடமும் வலமும் மாறிப்போயின. இரண்டாம் முறை சரியாக வந்தது.

கம்பியில்லாததில் இதற்கு வழியில்லை. லித்தியம் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தத் திறன் இழப்பது இயல்பு. ஆனால் அதை மாற்ற முடியாதபடி கூடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. "புதுசு வாங்கிக்கோங்க தம்பி" என்றார் கடைக்காரர்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2022இல் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்கிறது ஐ.நா. அறிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சில விலக்குகள் தவிர, பயனீட்டாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஓர் உத்தரவாதம் தருகிறது. பொருளை விற்ற பிறகும் நியாயமான காலத்துக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் கிடைக்க உற்பத்தியாளரும் விற்பனையாளரும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் அந்த வசதி இல்லை என்று விற்கும்போதே தெரிவித்துவிட்டால், உத்தரவாதம் பொருந்தாது. பொருளை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதைப் பற்றியும் அப்பிரிவு பேசவில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

வியர்வை புகாமலிருக்கவும் கருவி சிறிதாக இருக்கவும் பசை தேவை என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்காக, தேய்ந்த பேட்டரியோடு நல்ல ஒலித்தகட்டையும் குப்பையில் போட வேண்டுமா?

மாணவர்களே, லித்தியம் பேட்டரி உள்ள கூட்டை நெம்பித் திறக்காதீர்கள். பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பிடிக்கலாம். கம்பி இயர்போனில் தாராளமாகச் சோதித்துப் பாருங்கள். அடுத்த முறை வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேளுங்கள்: "இதில் பேட்டரி மாற்ற முடியுமா?" நாம் கேட்காதவரை, அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டிய அவசியம் எந்தக் கடைக்கும் இல்லை.