கர்ப்பிணி விவசாயத் தொழிலாளர், குழந்தைகள் நலன் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
விவசாயத் தொழிலாளர் பெண்கள் சங்கம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.
நகல்: மாவட்ட சுகாதார அலுவலர்.

பொருள்: குறுவை நடவுக்கு முன் கர்ப்பிணித் தொழிலாளர்களுக்குச் செய்ய வேண்டியவை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

தமிழகத்தில் இன்று 100-க்கு 99 பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இதற்காக உழைத்த கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு நன்றி. எங்கள் குறை பிரசவத்துக்கு முன்னும் பின்னும் உள்ளது.

குறுவைப் பாசனத்துக்காக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் காவிரி டெல்டாவில் கர்ப்பிணிகளும் வயலில் இறங்குகிறார்கள். கூலி போய்விடுமே என்று ஏழாம் மாதத்திலும் குனிந்து நாற்று நடுகிறார்கள். மேலே வெயில், காலடியில் சூடேறிய சேறு. ஒதுங்க மறைவிடம் கிடையாது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் ஆய்வு நடத்திய சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார், கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று 2024-ல் தெரிவித்தனர்.

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் 48 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஊருக்கே சோறு போடும் மண்ணில் இது வெட்கக்கேடு. தாயின் ரத்தசோகையால் குழந்தையின் எடை குறையலாம்; அப்படி எடை குறைந்து பிறக்கும் குழந்தை பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கும் இதயநோய்க்கும் எளிதில் ஆளாகிறது என்று இங்கிலாந்தின் மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் எடுத்துக்காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் நாட்டில் புனே அருகேயுள்ள கிராமங்களில் நடந்த ஆய்வும் அந்தத் திசையில்தான் போகிறது.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007-லேயே ஆணையிட்ட மாநிலம் இது. அதில் எங்களுக்குப் பெருமையே. ஆனால் அந்தப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடவு நாளில் அது அரைநாள் கூலி. சர்க்கரை இருப்பது தெரிந்தவரையும் பிரசவம் வரைதான் கவனிக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடுகிறது, பட்டியலிலிருந்து பெயரும் விட்டுப்போகிறது. பல ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போய் வரும்போதுதான் அவர் மறுபடி நோயாளியாகப் பதிவாகிறார்.

ஆகவே கோருகிறோம்:

1. கர்ப்பகாலச் சர்க்கரை கண்ட தாய்மார்களுக்குப் பிரசவமான ஆறாவது வாரத்தில், தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனை வரை அலையவிடாமல், அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மறுபரிசோதனை செய்ய வேண்டும். பிறகு அவர்கள் பெயரை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பதிவேட்டில் ஏற்றி ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளைகளையும் அங்கன்வாடி முதல் பள்ளி வரை இப்படியே தொடர வேண்டும்.

2. நடவு மாதங்களில் கர்ப்பிணிப் பரிசோதனையை மாலையிலும் நடத்த வேண்டும். பேராவூரணி, சேதுபாவாசத்திரம் போன்ற கடைமடைப் பகுதிகளுக்கு முன்னுரிமை தேவை.

3. சம்பளப் பட்டியலில் பெயருள்ள பெண்ணுக்கு 2017-ன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 26 வார விடுப்பைச் சம்பளத்தோடு தந்தது. நாற்று நடுகிறவருக்கு ஒரு நாள்கூட இல்லை. ஆறாம் மாதம் முதல் அவருக்கு ஓய்வுக்கால உதவித்தொகை வழங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

4. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கி 18,000 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. கர்ப்பத்தில் சாப்பிட வேண்டிய பணம் பிள்ளை தவழும்போது வந்து பயனில்லை. தவணைகள் அந்தந்த மாதத்திலேயே கிடைக்க வேண்டும்.

ஜூன் 12-க்கு முன் சுகாதாரம், வேளாண்மை, வருவாய்த் துறை அலுவலர்களைக் கூட்டி, எங்கள் சங்கத்தையும் அழைத்து, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.