வேலையைப் பிரிக்கலாம், பொறுப்பைப் பிரிக்கலாமா?

என் பேத்தி சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். போன பொங்கலுக்குப் புதுச்சேரி வந்திருந்தபோது, "உனக்கு அங்கே என்னம்மா வேலை?" என்று கேட்டேன். "சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர், தாத்தா" என்றாள். பெயரைக் கேட்டுக் கொஞ்சம் மிரண்டுதான் போனேன். அவள் விளக்கிச் சொன்ன பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நான் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டிய அரசாங்க ஆபீஸைத்தான் அவள் வர்ணித்துக்கொண்டிருந்தாள்!

நம் வயதுக்காரர்களுக்காக, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, சம்பளம், பில் எல்லாவற்றையும் ஒரே பெரிய புரோகிராமாக எழுதுவார்களாம். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். சம்பளத்தில் ஒரு வரியை மாற்றினால் சரக்குக் கணக்கில் உதைக்கும். அதைத் தனித்தனிச் சேவைகளாகப் பிரிப்பதுதான் இந்த முறை. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வேலை, ஒரு கவுன்ட்டர். என்ன கேட்கலாம், எந்தப் படிவத்தில் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். அதற்கு ஒப்பந்தம் என்றே பெயர். கவுன்ட்டருக்கு உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்பது வெளியாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான். எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் இருந்த நான், அக்கவுன்ட்ஸ் பிரிவின் பீரோவைத் திறந்து பேரேட்டைப் புரட்ட முடியாது. குறிப்பு எழுதி அனுப்புவேன். பதில் எழுதி வரும். அவர்கள் பேரேட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியபோதும் என் குறிப்பு மாறவில்லை. எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இந்த முறையின் சௌகரியம் இதுதான்.

நம்மில் பலர் நவம்பரில் கொடுக்கும் டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட், அதாவது 2014-ல் வந்த ஜீவன் பிரமாண், இதற்கு நல்ல உதாரணம். வந்திருப்பது நாம்தானா என்று சரிபார்த்துச் சொல்வது ஆதார். சான்றிதழை உண்டாக்கி வைப்பது இன்னொரு இடம். அதை எடுத்துப் பார்த்துப் பென்ஷனைத் தொடர்வது பென்ஷன் வழங்கும் அலுவலகம். நாம் ஒரு தடவை விரலை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நல்ல விஷயம்தானே!

அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 2002 வாக்கில் இப்படி மாறியது. எல்லாக் குழுக்களும் சேவைகள் வழியாக மட்டுமே தகவல் பரிமாற வேண்டும், பின்கதவு கூடாது, மீறினால் வேலை போய்விடும் என்று அதன் தலைவர் ஜெஃப் பெசோஸ் உத்தரவு போட்டாராம். அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெகி என்ற பொறியாளர் 2011-ல் இதை எழுதினார். இதனால் நிறுவனம் அடைந்த நன்மையைச் சொன்ன அவரே ஒரு சங்கடத்தையும் சொல்கிறார். ஒரு புகார் வந்தால், அதற்கு உண்மையான பொறுப்பாளி யார் என்று கண்டுபிடிப்பதற்குள் அது இருபது சேவைகளைத் தாண்ட வேண்டியிருக்குமாம்.

அதைப் பேத்தி சொன்னபோது எனக்கு எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மாவின் நினைவு வந்தது. கணவர் இறந்த பிறகு அந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். கணவர் பெயர் 'சாமி' என்று முடியும். அவர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிறந்தவர். பிரெஞ்சில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒற்றை 'எஸ்' வந்தால் 'இசட்' போல ஒலிக்கும். அதனால் அந்தக் காலப் பதிவுகளில் 'சாமி'க்கு இரண்டு 'எஸ்' போடுவார்கள். ஆங்கிலத்துக்கு ஒன்றே போதும். ஒரு ஆவணத்தில் இரண்டு, இன்னொன்றில் ஒன்று. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு விஷயம் உடனே புரிந்தது. கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள்.

நான் துணைக்குப் போனேன். முதல் இடத்தில், "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்றார்கள். இரண்டாவது இடத்தில், "எங்களுக்கு வந்ததே இதுதான் சார்" என்றார்கள். மூன்றாவது இடத்தில், "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது." ஏழு மாதம் இப்படிப் போனது. மருந்து வாங்கக்கூட அந்த அம்மா மகனிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை, லஞ்சம் கேட்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். கடைசியில் ஒரு சூப்பரிண்டெண்ட் மனம் இரங்கி, இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டு இடங்களுக்கும் தாமே போன் போட்டுப் பேசினார். காரியம் முடிந்தது.

எங்கள் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. என் மேஜையிலும் ஃபைல்கள் தூங்கியிருக்கின்றன. ஆனால் தபால் வந்த அன்றே வரவு எண் போடுவோம். அந்த எண்ணைச் சொன்னால், ஃபைல் யாருடைய மேஜையில் தூங்குகிறது என்றாவது தெரியும். அந்த ஆளைப் போய்ப் பிடிக்கலாம்.

இதைச் சொன்னதும் பேத்தி, "எங்களிடமும் அது இருக்கு தாத்தா" என்றாள். ஒரு கோரிக்கைக்கு ஒரு எண் கொடுத்து, அது போகும் சேவை எல்லாவற்றிலும் அதே எண்ணைப் பதிந்துகொண்டே போவார்களாம். சரி, ஆனால் அந்த எண் எஞ்சினியர் பார்ப்பதற்கு. கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் அம்மாவுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

பழையபடி ஒரே பெரிய புரோகிராமுக்குத் திரும்பு என்று நான் சொல்லவில்லை. வேலையைப் பிரிப்பது நல்லதுதான். ஆனால் மனுவை முதலில் வாங்குகிற இடம், காரியம் முடியும்வரை அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த எண்ணை மனுதாரர் கையிலும் கொடுக்க வேண்டும். ஒரு சேவை 'முடியாது' என்று சொன்னால், ஏன் முடியாது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே இதையும் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? பேத்தியிடம் இதைத்தான் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரும் துணைவியார் பெயரும் ஆதார், வங்கிப் புத்தகம், பென்ஷன் உத்தரவு மூன்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வித்தியாசம் இருந்தால், நாம் கையெழுத்துப் போட இருக்கும்போதே திருத்திவிடுவோம். நமக்குப் பிறகு அவர்களை மூன்று கவுன்ட்டருக்கு அலைய விட வேண்டாம்.