தடயவியல் ஆசை இருக்கா? பிளஸ் ஒன் குரூப்பிலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் சித்தி மகளோ, பக்கத்து வீட்டுத் தம்பியோ உங்களிடம் கேட்டிருக்கலாம்: "அண்ணா, ஃபாரன்சிக் படிச்சா வேலை கிடைக்குமா?" வெப் சீரிஸ் பார்த்து வந்த ஆசை என்று சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். கேட்க வேண்டிய நேரத்தில்தான் கேட்கிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதைக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். ஆனால், இன்று பத்தாவது முடிக்கும் பிள்ளை எம்.எஸ்சி. முடிக்கவே 7 ஆண்டாகும். ஆட்களை உருவாக்காமல், பணியிடங்களை நிரப்பாமல் சட்டத்தை மட்டும் எழுதி வைத்து என்ன பயன்? இதற்கு அரசுகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பிரேதப் பரிசோதனை செய்பவர் டாக்டர். அதற்கு நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். முடிக்க வேண்டும்; அதில் நிபுணராக வேண்டுமென்றால் தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். அந்த டாக்டர் எடுத்து அனுப்பும் உள்ளுறுப்பில் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பவர் ஆய்வகத்தில் இருக்கும் வேதியியல்காரர். துப்பாக்கி, தோட்டா என்றால் இயற்பியல். ரத்தம், டி.என்.ஏ. என்றால் உயிரியல். செல்போன், ஹார்ட் டிஸ்க் என்றால் கம்ப்யூட்டர். ஆக, பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் இல்லையென்றால் ஆய்வகக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். (கணக்கில் மோசடியைத் துருவும் ஃபாரன்சிக் ஆடிட்டிங் வேறு சங்கதி. அதற்கு காமர்ஸ்தான் வேண்டும்.)

இந்தத் துறையில் சென்னைக்குப் பழைய உறவு உண்டு. விஷத்தைக் கண்டறிய 1849-லேயே இங்கே ரசாயனப் பரிசோதனைக் கூடம் வந்துவிட்டது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணியையும் ஒயரையும் பொறுக்கிச் சேர்த்து, ஒரு பெண் இடுப்பில் கட்டி வந்த பெல்ட் வெடிகுண்டு அது என்று சொன்னவர், அன்றைய தமிழகத் தடய அறிவியல் துறைத் தலைவர் பி.சந்திரசேகரன்.

ஆனால், தினமும் அப்படி ஒரு கேஸ் வராது. பெரும்பாலான நாட்களில் சீல் வைத்த பொட்டலம், லேபிள், ரிஜிஸ்டர், ரிப்போர்ட்தான். சில ஆண்டுகள் கழித்து கோர்ட்டில் கூண்டில் ஏற்றி வக்கீல் கேட்பார்: "சீல் சரியா இருந்ததா? யார் கொண்டுவந்து கொடுத்தது?" ரிஜிஸ்டரில் ஒரு வரி விட்டுப்போனால் கொலைகாரன் வெளியே நடந்து போகலாம். ரிப்போர்ட்டே தப்பானால் ஒரு அப்பாவி உள்ளே கிடப்பார். துப்பறியும் ஆசையைவிட, எழுதி வைக்கும் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் அந்தத் தம்பியிடம் முதலில் கேட்க வேண்டும்.

படிப்பு விஷயத்தில் நம் கருத்து இதுதான்: பி.எஸ்சி.யில் வேதியியல், இயற்பியல் போல ஒரு அடிப்படைப் பாடம்; எம்.எஸ்சி.யில் தடயவியல். ஒருவேளை வேலை அமையாவிட்டாலும் மருந்து கம்பெனி, உணவுப் பரிசோதனைக் கூடம் என்று வேறு வழி இருக்கும். பெயரில் 'ஃபாரன்சிக்' இருக்கிறதே என்று லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டும் முன், அந்தக் காலேஜில் ஆய்வகம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கூடவே, தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வெளியிட்ட பழைய அறிவிக்கையை டவுன்லோடு செய்து, கல்வித் தகுதிப் பகுதியைத் தம்பியோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.